அர வக்கீல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கி இருக்கிறது. அதன் பக்கவாட்டு மரப்படியில் ஏறினால் மேலே ஒரு கதவு. கதவில் கையகலப் பலகை ஒன்று. 'அர வக்கீல்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். பாதி வக்கீல் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். நசீபா சிரிக்கமாட்டாள். அது ஒரு ஆள் அவளை ஏசிய வார்த்தை. என்றைக்காவது அந்த ஆளின் கண்ணில் படட்டும் என்றுதான் பெயின்டரைக் கூப்பிட்டு எழுதவைத்தாள்.

அந்த ஆளின் பெயர் அனில். எர்ணாகுளத்தில் கம்பெனி விவகாரங்களைப் பார்க்கிற பெரிய வக்கீல் ஆபீஸின் தலைவர். படிப்பு முடித்ததும் நசீபா அங்கேதான் சேர்ந்தாள். மட்டாஞ்சேரி ராவுத்தர் வீடுகளில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் பெண் என்று சொந்தக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு, கொஞ்ச காலம் ஆபீஸில் அரை நாள், மீதி வேலை வீட்டிலிருந்து என்று கேட்டாள். அனில் முகம் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சம்பளம் பாதியானது. வேலை பாதியாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஔசேப்பச்சனின் அப்பீல் வந்தது. ஔசேப்பச்சன் வைப்பின்காரர், இறால் ஏற்றுமதி செய்கிறவர், ஆபீஸின் பெரிய கட்சிக்காரர். நசீபா அப்பீலை எழுதி முடித்து, கடைசி நாளுக்கு வெகு முன்பே அனில் மேஜையில் வைத்தாள். "நானே ஃபைல் பண்ணிக்கிறேன்" என்று வாங்கி வைத்தவர், மறந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். கெடு தாண்டியது.

ஔசேப்பச்சன் ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டார். எல்லோரும் உட்கார்ந்திருந்த அந்த அறையில் அனில் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

"பாதி நேரம் வீட்ல இருக்கிற அர வக்கீல் கையில இந்தக் கேஸைக் கொடுத்தது என் தப்பு, சேட்டா."

யாரோ சிரித்தார்கள். நசீபா ஔசேப்பச்சனைப் பார்த்தாள். எத்தனையோ முறை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாக விளக்கிச் சொன்னவள் அவள். ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவர் பின்னால் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொல்வார் என்று அவள் காத்திருந்ததும் வீண். அந்த வாரமே வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். வேறு இரண்டு ஆபீஸ்களில் நேர்முகத்துக்குப் போனாள். இரண்டிலும், "தேதியெல்லாம் ஞாபகம் இருக்குமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். கோர்ட்டுக்குப் போவதில்லை என்று பார் கவுன்சிலில் எழுதிக் கொடுத்து, ஒப்பந்தம் எழுதவும் ஆலோசனை சொல்லவும் மட்டும் உட்காருவது என்று தீர்மானித்தாள். கணவனின் சித்தப்பா ஜாபர் சாதிக் தன் சுக்குக் கிட்டங்கியின் மாடியை ஒழித்துக் கொடுத்தார். வாடகைக்குப் பதில் அவருடைய ஏற்றுமதிக் காகிதங்களை அவள் பார்க்கவேண்டும். சரக்கு அக்கரை போய்ச் சேர்ந்த பிறகு பூஞ்சை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வாங்குகிறவர்களின் வழக்கமாக இருந்தது. மாதிரியைக் கொச்சியிலேயே, கப்பலில் ஏற்றும் முன்பே, இரண்டு தரப்பும் எடுத்து முத்திரை வைக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். அடுத்த தடவை திருப்பி அனுப்பப் பார்த்தவர்களால் முடியவில்லை. ஜாபர் சாதிக் அதைப் பள்ளிவாசலிலும் சாயாக்கடையிலும் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

மிளகுக்காரர், ஏலக்காய்க்காரர், பழைய மரச்சாமான் விற்கிறவர் என்று ஒவ்வொருவராகப் படியேறினார்கள். பெரிய வக்கீல் ஆபீஸுக்குக் கட்டணம் கொடுக்க அவர்களுக்குத் திராணி இல்லை. மாதத்தில் இரண்டு காலைப் பொழுது ஒரு வக்கீல் தங்களோடு இருந்தால் போதும். நசீபா அதைத்தான் விற்றாள். வேலை கூடியதும் ஆள் தேடினாள். எங்கே தேடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அனில் ஆபீஸில் யாருக்காவது மனக்கசப்பு என்று கேள்விப்பட்டால் அன்று சாயங்காலமே போன் போகும்.

முதலில் வந்தவள் சங்கரி. அவளுடைய அப்பா தென்காசிப் பக்கமிருந்து வந்து எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி விற்றவர். கலூரில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் லீவு கேட்டதற்கு அனில் அவளை அனுப்பிவிட்டிருந்தார்.

"உனக்கு எந்த நேரம் தோதுப்படுதோ அந்த நேரம் வேல செய்யி. வீட்லயே இரி. சொன்ன நாளுக்கு வேல வரணும், அவ்ளோதான்" என்றாள் நசீபா.

"முடியாமப் போச்சுன்னா, நசீபாத்தா?"

"ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேரு. ஒருத்திக்கு ஒழிவு இல்லன்னா மத்தவ எடுப்பா. அந்தாளு ஆபீஸ்ல ரெண்டாவது ஆளு இல்லாம நான் பட்டது போதும்."

களமசேரியில் நடக்க முடியாத ஒரு பையன், வைப்பினில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்று கூட்டம் பெருகியது. அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நசீபா வருகிற கட்சிக்காரரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "இதுவரைக்கும் யாரு பாத்தாங்க?" அனில் ஆபீஸ் என்று பதில் வந்தால் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டிவிடுவாள். இப்படி எடுத்தால் கட்டுப்படியாகாது என்று சங்கரி முணுமுணுப்பாள். நசீபாவின் காதில் ஏறாது. அனிலிடமிருந்து ஒருவர் கழன்று வந்த அன்றைக்கு அவளுக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

கடைசியில் ஔசேப்பச்சனே வந்தார். எதுவும் நடக்காதது போல, "மோளே, சுகமா?" என்றார். இறால் கம்பெனியின் ஒப்பந்தமெல்லாம் அவளிடம் வந்தது. ஆபீஸின் பாதி வேலை அவருடையதாகவே ஆயிற்று. பழைய அப்பீலைப் பற்றி ஒருநாள் கேட்பார், அப்போது சொல்லலாம் என்று நசீபா காத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் அனில் வந்தார். இருதய ஆபரேஷன் முடிந்திருந்தது. அரை நாளுக்கு மேல் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரை நாள் தலைவர் வேண்டாம் என்று ஆபீஸின் கூட்டாளிகள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கீழே சுக்குத் தூசியில் அவர் இருமுவது மாடிக்குக் கேட்டது.

"நசீபாத்தா, ஆளு மூச்சு வாங்குறாரு. மேல வரச் சொல்லட்டா?" என்றாள் சங்கரி.

"சாயா குடிச்சிட்டுச் சொல்றேன்."

மெதுவாகத்தான் குடித்தாள்.

படியேறி வந்தவர் கதவுப் பலகையின் முன் கொஞ்சநேரம் நின்றார். படித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று நசீபாவின் மனம் துள்ளியது. அதே நொடியில், இவ்வளவுதானா என்றும் இருந்தது. போதாது.

"எனக்கு இங்கே ஜோலி கிட்டுமோ, நசீபா? வீட்லயே இருந்து செய்யலாம்ன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அனில்.

"கிட்டும் சார். ஒண்ணு மட்டும் செய்யணும். வியாழக்கிழமை ஔசேப்பச்சன் சேட்டன் கையெழுத்துப் போட வர்றாரு. அந்தத் தேதியை மறந்தது யாருன்னு அவர் முகத்தைப் பாத்து நீங்க சொல்லணும். இங்க வேல செய்யிற எல்லாரும் இருக்கும்போது."

அனில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இப்போ அதைச் சொல்லி யாருக்கு என்ன?"

"எனக்கு."

வியாழக்கிழமை எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். களமசேரிப் பையனையும் ஆட்டோ பிடித்து வரவழைத்து, கிட்டங்கி ஆட்களைக்கொண்டு நாற்காலியோடு மேலே தூக்கிவந்தாள். ஔசேப்பச்சன் பேனாவைத் திறந்தபோது அனில் எழுந்து நின்றார்.

"சேட்டா, அன்னைக்கு அப்பீல் தேதியை மறந்தது நான்தான். நசீபா முன்னாடியே எழுதித் தந்தா. நான் பொய் சொன்னேன்."

நசீபா ஔசேப்பச்சனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திகைப்பார், கோபப்படுவார், தன் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

அவர் சிரித்தார்.

"இதுக்கா இத்தர ஆளு? அது எனக்கு அன்னைக்கே தெரியுமல்லோ!"

"எப்படித் தெரியும்?" நசீபாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"நீ தேதி மறக்கிற ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் வாய் தொறந்தா அனில் பிணங்குவான். அவன் கையில என்ட வேற கேஸ் எத்தர கிடந்துச்சு! நீ சின்னப் பெண்ணு, வேற ஜோலி கிட்டும்ன்னு நினைச்சேன். கிட்டிச்சல்லோ? நல்ல ஜோலிக்காரின்னு தெரிஞ்சுதானே இங்க வந்தேன்." பேனாவைக் காகிதத்தில் வைக்கப்போனார். "எவிடே ஒப்பு போடணும், மோளே?"

நசீபா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அனிலை வெறுத்தே பழகிப்போன மனசு அது. ஔசேப்பச்சனையோ தன் கையாலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து இத்தனை நாளும் உபசரித்திருக்கிறாள்.

"எங்கயும் வேண்டாம், சேட்டா. நம்ம ஒப்பந்தப்படி ஒரு மாசம் அவகாசம். அதுக்குள்ள உங்க காகிதமெல்லாம் ஒண்ணு குறையாம வந்து சேரும். வேற ஆளைப் பாத்துக்கோங்க."

ஔசேப்பச்சன் சிரித்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

அவர் போன கையோடு சங்கரி வெடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? பாதி ஜோலி அவருதுதானே? உங்க பழிக்கு இங்க உள்ள அத்தன பேரும் பட்டினி கிடக்கணுமா?"

சங்கரி சொன்னது நியாயம் என்று நசீபாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும், ஔசேப்பச்சனைத் திரும்பக் கூப்பிட மனம் வரவில்லை. "கேட்டிருக்கணும். கேக்கல. ஆனா அவரு வேண்டாம், சங்கரி" என்றாள்.

மூலையில் அனில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தன்னையும் போகச் சொல்லப்போகிறாள் என்று எண்ணியிருக்கவேண்டும்.

"நீங்க எங்க போறீங்க? சொன்னா சொன்னதுதான். நாளைலேர்ந்து அரை நாள். சங்கரிக்கு ரெண்டாவது ஆளு நீங்க. லீவு வேணும்ன்னா அவகிட்ட கேளுங்க."

சங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையின் கீழ் அனில் தலையை ஆட்டினார்.

இன்றைக்கும் அவர் ஏலூரில் தன் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறார். நன்றாகவே எழுதுகிறார். அதனால்தான் நசீபா அவருடைய காகிதத்தில் தேவைக்கு மேல் திருத்தம் போடுகிறாள் என்று சங்கரி சொல்வாள். நசீபா இல்லையென்று சொன்னதில்லை.

அந்த ஒரு மாத அவகாசம் நெருக்கடியில் போனது. நசீபா தனக்கென்று சம்பளம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஔசேப்பச்சனின் கடைசிக் காகிதமும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில், வண்டிகளையும் ஏற்றிப்போகிற வைப்பின் படகுக்கு நின்றாள். அங்கே அவருக்குப் போட்டியாக வளர்ந்துவரும் ஒரு இறால் கம்பெனிக்கு நல்ல வக்கீல் ஆபீஸ் தேவைப்படுவதாக விசாரித்து வைத்திருந்தாள். சங்கரியும் கூட வந்தாள். இந்த முறை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"ஔசேப்பச்சனோட ரகசியம் ஒண்ணும் நாம அங்க சொல்லக்கூடாது, கேட்டீங்களா?" என்றாள் சங்கரி.

"ஒண்ணும் சொல்லமாட்டேன். அது இல்லாமலே ஜெயிக்கணும். இனி ஒவ்வொரு ஒப்பந்தத்திலயும் இந்தக் கம்பெனி ஜெயிக்கிறத அவரு உக்காந்து பாக்கணும்."

மழை விட்டிருந்தது. கார்களும் ஸ்கூட்டர்களும் முண்டியடித்து ஏறின. நசீபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், வைப்பின் கரை தெரிகிற பக்கமாக நின்றாள்.