பதில் சொல்லாமல் இருந்தது யார்

பட்டியலில் தமிழ் இருந்தது. அதனால் முதலில் எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. துரொண்ட்ஹெய்மில் கணினிப் பொறியியல் படித்து முடித்து ஒஸ்லோவுக்குத் திரும்பியிருந்தேன். அங்கே குரோருட் பகுதியில் அப்பா அம்மாவுடன் இருந்துகொண்டு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். எங்கள் வாடிக்கையாளர் நகரத்தின் ஒரு மாவட்டம். எது என்று எழுதப்போவதில்லை. ஆகஸ்டில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை எங்கள் மென்பொருளில்தான் பதிந்தார்கள். முதற்பதிப்பு ஏற்கனவே பாவனையில் இருந்தது. இரண்டாம் பதிப்பில் என் பொறுப்பு பட்டியல்கள்: நாடு, தாய்மொழி, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.

எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். கடைக்குப் போவதென்றாலும் எண் போட்டுத்தான் எழுதுவேன். இந்தப் பட்டியலில் ஒரு வசதி இருந்தது. பெற்றோர் நாட்டைத் தெரிவு செய்தால் தாய்மொழி தானாகவே நிரம்பிவிடும். எனக்கு முன் இருந்தவர் யாரோ செய்து வைத்தது. நல்ல யோசனைதான் என்று நானும் நினைத்தேன். இந்த வசதியின்படி கானா என்றால் ஆங்கிலம்.

பிழையைப் பிடித்தவள் என் தோழி. நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. துரொண்ட்ஹெய்மில் எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்தவள். கானாவின் தலைநகரான அக்ராவைச் சேர்ந்தவள், அந்த நகரத்தின் பழைய குடிகளான கா மக்களில் ஒருத்தி. அவர்களுடைய மொழியின் பெயரும் கா தான். கணவனும் ஐந்து வயது மகளும் அவளிடம் வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டது நோர்வேஜிய மொழியில். ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவுக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"இஞ்சை வாரும். உம்மடை பட்டியல் என்ரை பிள்ளையை வெள்ளைக்காரியாக்கிப் போட்டுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் விசைப்பலகையின் மேல் வைத்தாள்.

மாவட்டத்தின் கல்வி உளவியலாளர் அனுப்பிய அறிக்கை அது. பள்ளியில் சேருமுன் பிள்ளைக்கு ஒரு மொழிச் சோதனை வைத்திருக்கிறார்கள். பதிவில் ஆங்கிலம் என்று இருந்ததால் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்லத் தொடங்குகிறாள், ஒரு வசனத்தோடு நிறுத்திவிடுகிறாள், சோதிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தது. தொடர்ச்சியாகப் பேசும் ஆற்றல் வயதுக்குக் குறைவு. ஒரு வருடம் பிந்திச் சேர்ப்பது நல்லது. மறுப்பிருந்தால் மூன்று வாரத்துக்குள் அறிவிக்கவும்.

"அவளுக்கு ஆங்கிலம் தெரியாதோ?"

"நிறம் தெரியும். பத்து வரைக்கும் எண்ணுவாள். உமக்குச் சிங்களம் எவ்வளவு தெரியும்?"

"அதைவிடக் குறைவு."

"அப்ப உம்மையும் ஒரு வருசம் வீட்டிலை இருத்தி வைப்பம்."

நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது என் அட்டையில் தாய்மொழி என்ற இடத்தில் ஆசிரியை 'இந்தியன்' என்று எழுதியிருந்தார். அட்டை இன்னும் எங்கள் வீட்டு மேசை லாச்சியில் கிடக்கிறது. அப்பா அதைத் திருத்தச் சொல்லவில்லை. பள்ளியில் இடம் கிடைத்ததே பெரிது என்று அவர் நினைத்த காலம் அது. அன்று மாலை எல்லோரும் போன பிறகும் இருந்து பட்டியலில் 'கா-டங்மே' என்று ஒரு வரி சேர்த்தேன். நான் பார்த்த புத்தகத்தில் கா மக்களையும் அவர்களுடைய அயலவரான டங்மே மக்களையும் அப்படித்தான் சேர்த்து எழுதியிருந்தார்கள். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை அவள் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இதென்ன, நடுவிலை ஒரு கோடு போட்டுக் கட்டி வைச்சிருக்கிறீர்?"

"உம்மடை மனுசன் டங்மே ஆள்தானே? நீங்களே கட்டினனீங்கள்."

"கட்டினது ஆக்கள். பாஷையள் இல்லை." கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவருக்குக் கா விளங்கும். அவையள் அக்ராவிலை வந்து பிழைக்க அது வேணும். அவர் டங்மேயிலை பாடினா எனக்குப் பாதி விளங்காது. எங்கடை நகரத்துச் சந்தையிலையே இப்ப வேறை பாஷைதான் முதல் காதிலை விழுது. அங்கை எங்களை ஓரத்துக்குத் தள்ளினது காணாதெண்டு இஞ்சை நீர் ரெண்டு பேரையும் ஒரு கட்டிலிலை படுக்க விடுறீர்."

'இந்தியன்' என்று எழுதிய ஆசிரியையும் ஒரு நல்ல மனுசிதான். அவரும் எதையோ சுருக்கமாக முடிக்கத்தான் நினைத்திருப்பார். நான் அந்த வரியை அழித்து இரண்டு வரிகளாக்கினேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மகள் தாயோடு கா பேசுகிறாள், தகப்பனோடு டங்மே பேசுகிறாள். எங்கள் படிவமோ ஒரு மொழியைத்தான் ஏற்கும்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். புளித்த சோளமாவைச் சருகில் பொதிந்து அவித்ததும், பொரித்த மீனும், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சம்பலும். சாப்பிடுமுன் அவள் ஒரு வாழ்த்துச் சொன்னாள். "ட்சுவா, ட்சுவா, ட்சுவா, ஒமான்யே அபா." நன்மை வரட்டும் என்ற பொருள். கணவனும் மகளும் ஒரே குரலில் "ஹியாவ்" என்றார்கள். நான் மரியாதையாகத் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தேன். அவள் மீண்டும் சொன்னாள். நான் மீண்டும் பேசாமல் இருந்தேன். யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்துத் தாயிடம் ஏதோ கேட்டாள். தகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்ன கேக்கிறாள்?"

"ஆன்ரிக்கு வாயிலை புண்ணோ எண்டு கேக்கிறாள். எல்லாரும் பதில் சொன்னாத்தான் வாழ்த்து முடியும். இல்லாட்டி அது வெறுமனை நான் கத்தினது."

நான் "ஹியாவ்" என்றேன். சாப்பிட்டோம். பிறகு தகப்பன் டங்மேயில் மகளுக்கு ஒரு கதை சொன்னான். ஒவ்வொரு வசனத்தின் பின்னும் நின்றான். அவள் ஏதாவது சொன்னாள், அல்லது ஒரு பாட்டு வரியை எடுத்து விட்டாள். அதன் பிறகுதான் அவன் அடுத்த வசனத்துக்குப் போனான். ஒரு தடவை அவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள். அவனும் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். யார் முதலில் தோற்பது என்று அவர்களுக்குள் போட்டி.

எங்கள் வீட்டிலும் இதுதான். அப்பா ஒரு விஷயம் சொல்லும்போது இடையிடையே 'ம்' கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார். "கேக்கிறியோ, இல்லை நான் சுவரோடை கதைக்கிறனோ?" என்பார். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. ஆனாலும் அந்த மேசையில் இருந்தபோதுதான் எனக்கு அறிக்கையின் வரி ஞாபகம் வந்தது. ஒரு வசனத்தோடு நிறுத்திவிடுகிறாள். சோதிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்தக் கடிதத்தை எடும்," என்றேன்.

எட்டு இடங்களில் 'நிறுத்துகிறாள்' என்று இருந்தது. எட்டையும் அடிக்கோடிட்டேன். மறுப்பைச் சொல்ல உளவியலாளரோடு ஒரு சந்திப்புக்கு அவள் ஏற்கனவே நாள் வாங்கியிருந்தாள்; நானும் வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை எங்கள் குழுத் தலைவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டேன்: பட்டியலில் நான் சேர்த்த இரண்டு வரிகளுக்கு அனுமதி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைத் தெரிவு செய்ய வசதி. அவர் கோப்பியை ஆற விட்டு நான் சொல்வதைக் கேட்டார்.

"பட்டியலை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு பூட்டியாச்சு. அதிலை இல்லாதது 'வேறு' எண்ட வரிக்குள்ளை போகும். அதுக்குத்தானே அந்த வரி இருக்கு."

"அந்தப் பிள்ளை 'வேறு' எண்ட பாஷை கதைக்கிறேல்லை."

"நீர் அவளோடை சந்திப்புக்குப் போறதாக் கேள்விப்பட்டன். போகாதேயும். மாவட்டம்தான் எங்களுக்குச் சம்பளம் தருது."

"நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறன். லீவிலை எங்கை போறனெண்டு படிவத்திலை கேக்கேல்லை."

வீட்டிலும் அதே கதைதான். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"உனக்கேன் பிள்ளை உந்த வேலை? அவை எங்கடை ஆக்களுமில்லை. வேலை போனா?"

"வேறை வேலை தேடுவன். என்ரை அட்டையிலை 'இந்தியன்' எண்டு எழுதேக்கை எங்கடை ஆக்கள் ஆரப்பா வந்து கேட்டவை?"

அப்பா மடித்த செய்தித்தாளை இன்னொரு தடவை மடித்தார். பிறகு "ம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேலே சொல்லு என்றுதான் பொருள். மேலே சொன்னேன்.

சந்திப்புக்கு ஒரு தாளில் நான்கு குறிப்புகள் எழுதிக் கொண்டுபோனேன். பிள்ளை, தாய், நான், எதிரில் உளவியலாளர். ஐம்பது வயதிருக்கும் அம்மையார். வடக்குக் கரையோரத்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கெட்டவர் அல்ல. மொழியைப் பிழையாகப் பதிந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால் கதை சொல்வதை நிறுத்துவது மொழியைச் சார்ந்ததல்ல, எந்த மொழியிலும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

"அவள் நிறுத்தேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. சோதிக்கிறவர் தலையாட்டவும் கூடாது. அதுதான் விதி."

"அப்ப அதையும் எழுதியிருக்கோணும். கதை கேட்டவர் எட்டுத் தரமும் பதில் சொல்லேல்லை எண்டு."

தோழி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். போதும் என்றா, இன்னும் சொல் என்றா என்று தெரியவில்லை. நான் இன்னும் சொன்னேன். அவர்கள் வீட்டில் கேட்பவர் பதில் சொல்லாவிட்டால் சொல்பவர் நிறுத்துவதுதான் முறை. அவள் உங்களுக்காகக் காத்திருந்தாள். உங்கள் அறிக்கையில் குறைவாகப் பேசியவர் அவள் இல்லை.

அவர் எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். படத்தாளை எடுத்துப் பிள்ளையின் முன் வைத்தார். கூரையின் மேல் ஒரு பூனை, கீழே ஒரு ஏணி. எந்த மொழியிலும் சொல்லலாம், தாய் பிறகு மொழிபெயர்க்கட்டும், இடையில் உதவக்கூடாது என்றார்.

மகள் காவில் ஒரு வசனம் சொன்னாள். நிறுத்தினாள். அம்மையாரைப் பார்த்தாள்.

தோழி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் அந்த மௌனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வடக்கில் 'யா' என்ற சொல்லை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். கேட்கிறேன், சொல்லு என்று பொருள். துரொண்ட்ஹெய்மில் முதல் தடவை கேட்டபோது ஆளுக்கு இழுப்பு நோய் என்று பயந்துபோனேன். அம்மையார் அந்தப் பழக்கத்தை இந்த மேசைக்காக எத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தாரோ தெரியாது. இப்போது மூச்சை இழுத்தார். "யா."

கடைசியில் பாடம் விளங்கிய மாணவிக்குத் தலையாட்டுவதுபோல அந்தப் பிள்ளை தலையாட்டியது. அடுத்த வசனம். "யா." அடுத்தது. பூனை இறங்கியது, கடற்கரைக்குப் போனது, மீன்காரியோடு சண்டை பிடித்தது. பாதி வழியில் பேச்சின் ஒலி மாறியது.

"இப்ப என்ன பாஷை?" என்றார் அம்மையார்.

"டங்மே," என்றாள் தோழி. "பூனை தகப்பன்ரை ஊருக்குப் போட்டுதாம்."

படத்தில் இருந்தது ஒரு கூரைதான். அவள் கதையை முடித்தபோது எங்களுக்கு வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. அம்மையார் பேனையை எடுத்து, அறிக்கையில் அச்சடித்திருந்த 'ஆங்கிலம்' என்ற சொல்லை வெட்டி, எப்படி எழுதுவது என்று தாயிடம் கேட்டுக் கேட்டு, ஓரத்தில் இரண்டு சொற்களை எழுதினார். என் தாளில் இன்னும் மூன்று குறிப்புகள் மீதி இருந்தன.

பிள்ளை ஆகஸ்டிலேயே சேரலாம் என்ற கடிதம் ஜூன் மாதம் வந்தது. கடிதத்தை அச்சிட்டது எங்கள் மென்பொருள். அதில் தாய்மொழி இன்னும் ஆங்கிலம்தான். நான் அதையும் அம்மையார் கையால் திருத்திய அறிக்கையையும் பிரதி எடுத்துக் குழுத் தலைவரின் மேசையில் வைத்தேன். இரண்டாம் பதிப்பை ஒப்படைக்கும் தாளில் பட்டியல்களுக்கு என் கையெழுத்தும் வேண்டும்.

"ஒரு பிள்ளைக்காக ரெண்டு வரியோ?" என்றார்.

"ஓம். மாவட்டத்தின்ரை ஆளே கையாலை எழுதித் தந்திருக்கிறா. ரெண்டு வரியும் வந்தாத்தான் என்ரை கையெழுத்தும் வரும்."

பேனை நான்கு நாள் அந்தத் தாளின் மேல் கிடந்தது. ஐந்தாம் நாள் அவரே மாவட்டத்தோடு தொலைபேசியில் பேசினார்; இரண்டு வரிகளும் வந்தன. அதன் பிறகு எனக்கு நல்ல வேலைகள் வருவது குறைந்தது. அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போனேன்.

அதற்கு முன், ஒக்டோபரில், ஒரு காலை தோழி வகுப்பாசிரியையின் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் மேசைகளுக்கு நடுவில் இருந்த தடுப்பில் குத்தி வைத்தாள். உங்கள் மகள் பாட நேரத்தில் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் உரக்கப் பதில் சொல்கிறாள். மற்றப் பிள்ளைகளையும் சொல்ல வைக்கிறாள். வீட்டில் பேசிப் பார்க்கவும்.

"பேசினீரோ?" என்றேன்.

"ஓம், பேசினனான். கடைசி வாங்கிலை இருக்கிறதுகளுக்கும் சொல்லிக் குடு எண்டு."