குப்பைத் தொட்டிப் படமும் வியாகுலமேரியும்

“மாதாவக் குப்பத் தொட்டியில போடச் சொல்றியாத்தா?” என்றுதான் வியாகுலமேரி ஆரம்பித்தாள். அதிகம் பேசாத யுவராணி, அந்தப் பேச்சை மட்டும் இன்றும் ஒரு சொல் விடாமல் சொல்லுவாள்.

“குப்பத் தொட்டி இல்ல சித்தி. அழிக்கிறதுக்கு அந்தப் படம் போட்டிருக்காக, அவ்வளவுதான்.”

“படத்தப் பாரு. மூடி வச்ச தொட்டி. நம்ம முக்குல பச்சக் கலர்ல நிக்குதே, அதே.”

“போன்ல இடம் இல்ல சித்தி. இடம் இருந்தாத்தான் புதுசு உள்ள இறங்கும்.”

“பாட்டு இருந்தா அழி.”

“பாட்டே இல்ல. எல்லாம் குட்மார்னிங் படம். மாதா, கொழந்த ஏசு, அந்தோணியாரு. நடுநடுவுல முருகன்.”

“முருகன் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மா அனுப்புறது. என் சாமியவே அழிக்க மாட்டேங்கிறேன், அவ சாமிய எப்படி அழிக்கிறது?”

“அப்ப வாட்ஸ்அப் நின்னுரும்.”

“நின்னா?”

நின்றால் என்ன ஆகும் என்று வியாகுலமேரிக்கே தெரியும். போனை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அனுமந்தன்பட்டியிலிருந்து விடியுமுன் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் ஒன்று ‘மேரி ஜீப்’. வண்டி வேறொருவருடையது, அதில் ஏறுகிற பெண்களைத் திரட்டும் கங்காணி வியாகுலமேரி. கல்யாணமாகி வந்த புதிதில் காய் எடுக்கப் போனவள், செடிகளுக்கு நடுவே குனிந்தபடியே மலையாளம் படித்துக்கொண்டாள். முதலாளி சொல்வது இவளுக்குப் புரியும், இவள் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். அதனால் கங்காணியானாள். யுவராணி அதே ஜீப்பில் போய்த் தோட்டத்துக் கொட்டகையில் எடை எழுதுகிறவள். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவள். பின் சீட்டின் மூலையில் உட்கார்ந்தால் கேரள எல்லையான கம்பம்மெட்டு வரை வாய் திறக்க மாட்டாள்.

சாயங்காலமானால் மறுநாள் வேலை என்னவென்று தோட்டத்திலிருந்து மலையாளத்தில் குரல் வரும். அதைத் தமிழாக்கி, நாலு கிண்டலும் சேர்த்து, வியாகுலமேரி குரூப்பில் பேசிப் போடுவாள். “நாளைக்கு மழ கெடக்கு, பிளாஸ்டிக் தாள எடுத்துக்கங்க. டிரைவரு உம்முன்னு இருப்பாரு, பயந்துராதீக. அவரு மொகமே அப்படித்தான்.” சோறு பொங்கிக்கொண்டே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் பெண்கள் மறுநாளுக்குத் தயாராவார்கள்.

அந்தப் போனில்தான் மாதக் கடைசியோடு வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று அறிவிப்பு வந்தது. புதுப்பிக்கலாமா என்று போன் வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏதோ கடன்காரன் வாசலில் நின்றாற்போல அவளும் ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதையே அழுத்தி அனுப்பிவைத்தாள்.

உத்தமபாளையத்தில் போன் கடை வைத்திருக்கும் திலீபன் பார்த்துவிட்டுச் சொன்னான்: “புதுசு ஏறும்க்கா. ஆனா வயிறு முட்ட ரொம்பிக் கெடக்கு. மொத்தமாத் தொடச்சிரவா?” வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்னொரு ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் சுருளிராஜன் காதுக்கு இது போய்விட்டது. “பழைய போனு, பழைய மேரி. ரெண்டையும் மாத்த வேண்டியதுதான்” என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். இவள் ஜீப்பில் வந்த சிலர் அதற்குள் அவன் குரூப்பில் சேர்ந்தும் விட்டார்கள். இன்னும் சிலர் போனால் ஜீப் காலியாகப் போகும். காலி ஜீப்புக்குக் கங்காணி எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், சாம்பல் புதன் வருகிறது, பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று சாமியார் அறிவித்தார். பூசை முடிந்து வீட்டுக்குப் போன வியாகுலமேரி, ஒரு கையில் காய்ந்த ஓலையும் மறு கையில் போனுமாக நேரே யுவராணி வீட்டுக்கு வந்தாள்.

“ஏத்தா, இது போன வருசம் குருத்தோலை ஞாயித்துக்கு மந்திரிச்சுக் குடுத்த ஓலை. செவுத்துச் சிலுவையில இருக்க பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தேன். குப்பையில போடுவமா? போட மாட்டோம். கோயில்ல குடுப்போம். அவுக எரிச்சுச் சாம்பலாக்கி நம்ம நெத்தியிலயே பூசி விடுவாக. அது பாவமில்லன்னா இதுவும் பாவமில்ல. நீ மட்டும் குப்பத் தொட்டின்னு சொல்லாத. சாம்பத் தொட்டின்னு சொல்லு.”

“சாம்பத் தொட்டி சித்தி” என்றாள் யுவராணி.

முருகனுக்கு மட்டும் பஞ்சம்மாளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவள் துணி அலசிக்கொண்டே சொன்னாள்: “வந்த சாமி மலையேறத்தான செய்யும்? மலையேத்தி விடு. காலையில வேற அனுப்புறேன்.”

“ஆத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும், அனுப்பிராத!”

விரலை இழுத்தால் படங்களைக் கூட்டமாகத் தேர்ந்துகொள்ளலாம் என்று யுவராணி காட்டினாள். வியாகுலமேரி ஒப்பவில்லை. படத்துக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தன் விரலால்தான் அழித்தாள். பாதி அந்தோணியார்கள் போவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒரு சிலுவை என்று இறங்கி வந்தாள்.

அவ்வளவு அழித்தும் இடமில்லை என்றே போன் சொன்னது. யுவராணி தயங்கினாள். “சித்தி, எல்லாம் இன்னும் அந்தத் தொட்டிக்குள்ளதான் இருக்கு. அதையும் கொட்டணும்.”

“கொட்டு. சாம்பல வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

கொட்டினார்கள். சார்ஜரில் சொருகி, யுவராணி தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். திரையில் நீலக் கோடு, கொண்டை ஊசி வளைவில் ஏறும் ஜீப்பைப் போல நின்று நின்று நகர்ந்தது. வியாகுலமேரி செபமாலையை உருட்டிக்கொண்டே பார்த்திருந்தாள். சட்டென்று திரை இருண்டது.

“செத்துருச்சாத்தா?”

“இல்ல சித்தி. முழிக்கப் போகுது.”

வெளிச்சம் வந்தது. எந்த மொழி என்று போன் கேட்டது. யுவராணி தமிழைத் தொட்டாள். “வரவேற்கிறோம்” என்று எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்த வியாகுலமேரி, “அடி ஆத்தி, என்னையவா!” என்று கைதட்டினாள். வாட்ஸ்அப் திறந்தது. குரூப் இருந்த இடத்திலேயே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏ பிள்ளைகளா, மேரிதான் பேசுறேன். போனு புதுசாயிருச்சு, மேரி பழசுதான். நாளைக்கு ஜீப்பு எப்பவும் போல. அங்கன போனவுக இங்கன திரும்பலாம், நான் கோவிச்சுக்கிர மாட்டேன். ஆனா பின் சீட்டுத்தான்.”

டிங் டிங்கென்று பதில் வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு, கும்பிடு, “வாரேன்க்கா”, “ஏக்கா, முன் சீட்டு எனக்கு”. விடியுமுன் ஜீப் நிறைந்து, டிரைவர் பக்கத்தில்கூட நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முக்கில் தன் ஜீப்போடு நின்றிருந்த சுருளிராஜன் எட்டிப் பார்த்தான்.

“என்ன மேரி, போன மாத்திட்டியாமே?”

“அதே போனுதாண்ணே, உள்ளுக்குள்ளதான் மாறியிருக்கு. ஒரு தடவ நீங்களும் மாறிப் பாருங்க.”

ஜீப்பே குலுங்கியது. மூலையிலிருந்த யுவராணியும் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் இறங்கி வருகையில் வியாகுலமேரி முன் சீட்டை விட்டு அவளருகே வந்து உட்கார்ந்தாள். போன் முகப்பில் மாதா இருந்த இடத்தில் இப்போது எந்தத் தேசத்துப் பனிமலையோ இருந்தது. அதைக் காட்டி, யார் காதிலும் விழாமல் கேட்டாள்:

“ஏத்தா, ஒரே ஒரு மாதா படம் அனுப்பி விடுறியா? குட்மார்னிங்னு எழுதாதது.”