வாலையும் அளந்தவர்

திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் வில்லியனூரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது. அவருடைய தம்பியும் எங்கள் உதவியாளருமான அமீர் ஹம்சா விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். முப்பத்தாறு வயது.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் முதலில் வருகிறது.

1983இல் அவர் தற்காலிக வேலைக்கு வந்தார். நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. லைப்போசோம் என்பது கொழுப்பாலான மிக நுண்ணிய குமிழி. அதற்குள் மருந்தை அடைத்து ஊசி போட்டால் உடம்பில் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது என் வேலை. குமிழியில் கதிர்வீசும் பொருளைச் சேர்த்து எலியின் வாலில் ஊசி போடுவேன். சில மணி நேரம் கழித்து ஹம்சா ஒவ்வோர் உறுப்பாக எடுத்துத் தருவார். ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் போட்டுக் கருவியில் வைத்து அளப்போம். கடையில் பழகிய கை. மண்ணீரலை அவர் சுவரொட்டி என்றுதான் சொல்வார். எலியுடையதைத் தூக்கிப் பார்த்து, இதைக் கடையில் வைத்தால் அண்ணன் என்னையே வெட்டிவிடுவார் என்பார்.

அந்த மாதக் கடைசியில் அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துக் கணக்கு உதைத்தது. ஈரல், மண்ணீரல், ரத்தம், மிச்ச உடல் எல்லாம் கூட்டினாலும் போட்ட மருந்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஹம்சா உறுப்புகளைக் கறி அலசுவதுபோல் அலசுகிறார், அதில்தான் போகிறது என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். அலசிய தண்ணீர் கழிவுச் சாடியில் இருந்தது. அதையும் அளந்தோம். ஒன்றுமில்லை.

ஹம்சா சாடியை மூடிவிட்டுக் கேட்டார்: “வால இன்னா சார் பண்றோம்? எங்க கடையில அதுக்கே ரெண்டு பேரு சண்ட போடுவாங்க.”

குழாயில் நுழையாது என்று வாலை முதலிலேயே நறுக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். எடுத்துத் துண்டாக்கி அளந்தார். காணாமல் போனது முழுக்க அங்கே இருந்தது. ரத்தக்குழாயில் ஏறாமல் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிட்டது.

என் முகம் எப்படி இருந்ததோ, அவர் தலைவர் பக்கம் திரும்பினார்.

“எலி துள்ளிச்சு சார். நாந்தான் சரியா புடிக்கல.”

“இல்லை சார். அவர் நன்றாகத்தான் பிடித்திருந்தார். என் ஊசிதான் தவறிவிட்டது” என்றேன்.

தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி வாலையும் அளக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாதக் கடைசியில் ஹம்சாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் என்னிடம் குறைபட்டுக்கொண்டே இருந்தார்.

“ஒரு பொய் சொன்னா அத முழுசா சொல்ல வுட மாட்டேங்கிறீங்களே மேடம்.”

ஆறு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். என் கை திருந்தியது. எலி எதுவும் துள்ளவில்லை.

போன சனிக்கிழமை அரை நாள். செவ்வாய்க்கிழமைச் சோதனைக்காக ஆறு எலிகளுக்கான குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு, மீதியைத் திங்கட்கிழமை ஒட்டிக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து எலிகளுக்கு ஒட்டி முடித்திருக்கிறார். ஆறாவதற்கு ஈரல் குழாயில் மட்டும் சீட்டு இருக்கிறது.