அசைந்த கட்டைவிரல்

1963 ஐப்பசியில், நல்ல மழை நாளில், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தனகோட்டி வழுக்கி விழுந்தாள். கையில் இருந்த மண்ணெண்ணெய் பாட்டில் உடைந்து வலது மணிக்கட்டைக் குறுக்கே கிழித்துவிட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாள். அவர் காயத்தைக் கழுவி, “கட்டைவிரலை மடக்கு, சுண்டுவிரலைத் தொடு” என்றார். தொட்டாள். “நரம்பு தப்பிச்சுது. அதிர்ஷ்டக்காரி” என்று சொல்லித் தோலை மட்டும் தைத்து அனுப்பினார்.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கணவன் பாவாடைக்குச் சிங்கவரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட ஒன்றரைக் காணிக் கொல்லை இருந்தது. மகள் ராஜம்மாளுக்கு ஒன்றரை வயது.

காயம் ஆறியது. ஆனால் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்தே கிடந்தன. வேலைக்குக் குறைவில்லை, களை பிடுங்கினாள், மாவு பிசைந்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டால் மட்டும் எதையும் தொட்டதாகவே இல்லை. சுண்டுவிரல் பக்கத்தில் உணர்ச்சி இருந்ததால் கையைச் சாய்த்து வைத்துப் பிள்ளையைத் தடவப் பழகிக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் மாமியார் குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். மரத்த விரல்களில் இரண்டின் நுனியில் பெரிய கொப்புளங்கள்.

“இது எப்போ சுட்டுது?”

“தெரியலையே, அத்தை.”

“சுட்டது கூடவா தெரியாது?”

அன்று சாயங்காலத்துக்குள் பெருவியாதி என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்றார்கள். பிள்ளையைத் தூக்காதே என்றார்கள். மறுநாள் காலை பாவாடை அவளைப் பனமலைக்குக் கூட்டிப்போய் அவள் அண்ணன் தங்கராசு வீட்டில் விட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பினான்.

இரண்டரை வருஷம் அப்படியே போயிற்று. சந்தை நாள்களில் தனகோட்டி பஸ் ஏறிச் செஞ்சிக்கு வருவாள். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. கடைத்தெரு முனையில், சைக்கிள்கள் வரும் பக்கமாக நிற்பாள். பாவாடை சைக்கிளின் முன் கம்பியில் ராஜம்மாள் உட்கார்ந்து வருவாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய தலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள். ஒருநாள் தாங்க முடியாமல் கிட்டே போய் ஒரு பொரி உருண்டையை நீட்டினாள். பிள்ளை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நைனா, தொட்டா ஒட்டிக்கும்” என்றது. பாவாடை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். பொரி உருண்டையோடு பனமலை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள்.

1966 கோடையில் தொழுநோய் சோதனைக்காக ஊர் ஊராகச் செல்லும் ஊழியர் கோதண்டராமன் பனமலைக்கு வந்தார். ஒளிந்துகொண்டிருந்தவளைத் தங்கராசுதான் கட்டாயப்படுத்தி அழைத்துவந்தான். கோதண்டராமன் முதுகிலும் கைகளிலும் தேமல் தேடினார், இல்லை. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார், தடிப்பு இல்லை.

“சுண்டுவிரல்ல உணர்ச்சி இருக்குதா?”

“நல்லா இருக்குது, ஐயா.”

“அந்த நோய் பெரும்பாலும் அங்கதாம்மா ஆரம்பிக்கும். இது இன்னா தழும்பு?”

மணிக்கட்டுத் தழும்பை விரலால் தட்டினார். கரண்ட் அடித்ததுபோல உள்ளங்கை வரை சுரீரென்று பாய்ந்தது, அவள் கையை உதறினாள். அவர் உடனே உட்கார்ந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

வேலூரில் கை டாக்டர் முதலில் ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார். பிறகு அவள் முழங்கையில், சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பின் மேல், ஒரு சின்னக் கம்பியை வைத்து லேசாகக் கரண்ட் கொடுத்தார். கட்டைவிரல் அடிச்சதை துள்ளியது. அவர் முகம் மலர்ந்தது.

“கட்டைவிரலை அசைக்கிறது மணிக்கட்டு நடுவுல போற நரம்பும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். உனக்கு மட்டும் பிறவியிலேயே சுண்டுவிரல் பக்கத்து நரம்பு, உள்ளங்கைக்குள்ள ஒரு கிளை விட்டு அந்த வேலையைச் செய்யுது. நடு நரம்பு அன்னைக்கே அறுந்துபோச்சு. விரல் அசைஞ்சதனால யாருக்கும் தெரியல. ஊசியால குத்திப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

“அப்போ பெருவியாதி இல்லையா?”

“இல்லவே இல்ல.”

அவள் அழவில்லை. “அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க” என்றாள்.

அறுந்த முனைகளைத் தேடி எடுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். காலம் கடந்துவிட்டது, முழுசாகத் திரும்பாது, வருகிற உணர்ச்சியும் மாதத்துக்கு ஓர் அங்குலமாகத்தான் ஊர்ந்து வரும் என்றார் டாக்டர்.

கட்டுப்போட்ட கையோடு நேராகச் சிங்கவரத்துக்குப் போனாள். பாவாடை வாசலில் நின்று காகிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தான்.

“நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கணும்” என்றான்.

“ஆமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராஜம்மாள் ஆறு மாதம் அவளிடம் ஒட்டவில்லை. ஆயா குஞ்சம்மாளின் பக்கத்திலேயே படுத்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னுகிற சாக்கில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மங்கலாக உணர்ச்சி திரும்பிற்று. நடுவிரல் கடைசி வரை திரும்பவில்லை.

பிள்ளை வந்துவிட்டாள். அந்த இரண்டரை வருஷம் மட்டும் வரவில்லை. “ராஜம்மா நைனா, எப்போ ஓட ஆரம்பிச்சா? மொதல்ல இன்னா பாட்டு பாடுனா?” என்று தனகோட்டி கேட்டுக்கொண்டே இருப்பாள். பாவாடை யோசித்துப் பார்த்து, “நினைப்பு இல்லையே” என்பான்.

ஒருநாள் மாமியாரும் மருமகளும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே குஞ்சம்மாள் சொன்னாள்:

“புள்ளைக்கு மூணு வயசுல அம்மை வார்த்துது. மூணு நாளும் உன்னைத்தான் கேட்டுது. ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லி வச்சேன்.”

“எந்த மாசம், அத்தை?”

“சித்திரை.”

அந்தச் சித்திரையில் தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று தனகோட்டி நினைத்துப் பார்த்தாள். பிறகு, “இன்னும் சொல்லுங்க” என்றாள்.