தட்டை மலைகளுக்கு நடுவே ஓர் ஊற்று

என் கணவர் அவுஸ்திரேலியாவுக்கு அகதியாகப் படகில் வந்தவர். கிரான்பர்னில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கிட்டத்தான். ஆனாலும் அங்கே போனால் அவர் காரை விட்டு இறங்கவே மாட்டார். படகைப் பற்றி அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. போன விடுமுறைக்கு அவரே சொன்னார்: "தண்ணி இல்லாத இடமாப் பாத்துப் போவம்."

அப்படித்தான் தென் அவுஸ்திரேலியாவின் வடக்கே, கற்கள் பரந்த பாலைவனத்துக்குப் போனோம். உச்சியைக் கத்தியால் சீவி எடுத்தது போன்ற மலைகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அடுக்கடுக்காக மண். மதிய வெயிலில் அவை நிலத்தைவிட்டு எழும்பி மிதந்தன. அடியில் வெள்ளித் தகடாக ஏதோ மினுங்கியது.

"அது தண்ணியே?" என்று காரை நிறுத்தினார்.

"இல்லையப்பா, கானல்."

பெட்ரோல் நிரப்பிய கடையில் இருந்த பெண், அருகே உண்மையாகவே ஓர் ஊற்று இருக்கிறது என்றாள். எங்கோ தூரத்தில் பெய்த மழை, ஆயிரமாயிரம் வருடங்கள் நிலத்தடியில் நடந்து வந்து அங்கே மேலே வருகிறதாம். ஆதிக்குடிகளுக்குப் புனிதமான இடம், தண்ணீரில் கால் வைக்காதீர்கள் என்றாள். அவர் வேண்டாமென்பார் என்று நினைத்தேன்.

"போய்ப் பாப்பம்," என்றார்.

கவிழ்த்த சட்டி போல ஒரு மண்மேடு. அதன் உச்சியில் சின்னக் குளம், கரையில் கோரைப்புல். நடுவில் நீர் மெதுவாகக் குமிழ்விட்டது. ஒவ்வொரு குமிழும் அடிமணலை விரித்து மறுபடி மூடியது. தூக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது போலிருந்தது. நாங்கள் பார்க்க வருபவர்களுக்காகப் போட்டிருந்த பலகைப் பாதையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தோம்.

"இதில அடி தெரியுது," என்றார் அவர். "அங்க கடலில இரவு பகலா ஒரே கறுப்பு. குடிக்கிற தண்ணி முடிஞ்சாப் பிறகு, போத்தல் மூடியால அளந்து தந்தவை. எனக்குப் பக்கத்தில இருந்த பொடியன் தன்ர மூடித் தண்ணியை எனக்குத் தந்திட்டான். நானும் வாங்கிக் குடிச்சிட்டன்."

"அவர் இப்ப எங்க?"

"சிட்னியில. பிள்ளையள் ரெண்டு. நான் ஒருக்காலும் அவனுக்குப் போன் எடுக்கேல்லை. என்னத்தைக் கதைக்கிறது?"

மலைகள் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தன. நான் கைப்பேசியைப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அவர் சிரித்தார்.

"நாளைக்கு எடுப்பம்," என்றார்.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்திலடிக்க, அந்தப் பொடியன் படகில் எல்லாரையும் சிரிக்கவைக்கச் சொன்ன பகிடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.