கினிப்பன்றியின் ஒருசந்தி

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய யாகப்பு, எந்த மிருகத்துக்காவது நன்மை செய்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. படலையில் வந்து நிற்கும் கழுதைகளை விளக்குமாற்றால் வழியனுப்பி வைப்பார், அவ்வளவுதான். இந்த வருடம் தவக்காலம் தொடங்கியதும், ஒரு நற்செயல் செய்தே தீருவது என்று முடிவெடுத்தார். நற்செயல் பக்கத்து வளவிலேயே கிடைத்தது.

அது சுபாஜினியின் வளவு. நண்டுக் கம்பனி வேலைக்கு விடிய வெளிக்கிட்டால் இருட்டத்தான் திரும்புவாள். மகள் ஆசைப்பட்டு வாங்கிய கினிப்பன்றி, மகள் யாழ்ப்பாணம் கம்பசுக்குப் போனபிறகு கோழிக்கூட்டில் கிடந்தது. கம்பிவலையில் பின்னங்கால் கிழிந்து, புண்ணில் ஈ மொய்த்தது. யாகப்பு வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, வாயில்லாப் பிராணியை வதைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று தெருவுக்கே கேட்க விளக்கினார். சுபாஜினி தலையைக் குனிந்தபடி கூட்டோடு தூக்கிக் கொடுத்தாள்.

“அதுக்கு எந்த நேரமும் கொறிக்க ஏதும் இருக்கவேணும் அண்ணை,” என்று மட்டும் சொன்னாள்.

கோழிக்கூட்டில் வளர்த்தவளிடம் பாடம் கேட்பதா? யாகப்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புண்ணை நன்றாகத்தான் பார்த்தார். உப்புத்தண்ணியால் கழுவினார், சாக்கு விரித்தார், மனைவி அகஸ்ரினாவின் பொன்னாங்காணிப் பாத்தியைக் கேளாமலே மொட்டையாக்கினார். ஒரு கிழமையில் கால் நிலத்தில் ஊன்றியது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் இதைச் சொல்லாமல் விட்ட ஆள் இல்லை. தெருச்சனம் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் வரும் சனிக்கிழமை அவர் வீட்டில். அங்கே இதைப்பற்றிச் சாட்சியம் சொல்வதாகவும் அறிவித்தார்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. தவக்கால வெள்ளியில் அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடு மட்டும். வீட்டில் இருக்கிற சீவனுக்கு வீட்டு ஒழுங்கு பொருந்தும் என்று யாகப்பு தீர்மானித்தார். கினிப்பன்றிக்கு உழைப்பு ஒன்றும் இல்லாதபடியால் அந்த ஒருவேளையையும் வெட்டினார்.

சனி விடிய, கினிப்பன்றி மூலையில் உருண்டு கிடந்தது. பொன்னாங்காணியை மூக்கில் முட்டியும் வாய் திறக்கவில்லை.

கடதாசிப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியர் ஹம்சிகாவிடம் ஓடினார். காலைப் பார்த்து அவள் மெச்சியதும் யாகப்புவின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு வயிற்றைத் தடவியவள், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டாள்.

“வியாழன் பின்னேரம்.”

“ஏன், நேற்று?”

“நேற்று ஒருசந்தி.”

“ஆருக்கு?”

யாகப்பு சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் படித்தார். “வீட்டுக்கு,” என்றார்.

பின்னால் ஆட்டோடு நின்ற சாஹுல் ஹமீட் மெதுவாகச் சொன்னார்: “எங்கட வீட்டிலயும் நோன்புதான் ஐயா. ஆட்டை நாங்க சேர்க்கிறேல்ல.”

ஹம்சிகா சிரிக்கவில்லை. இந்தச் சாதிக்கு ஒருநாள் வயிறு காய்ந்தாலே குடல் நின்றுவிடும் என்றாள். இரண்டு மணிக்கொருக்கால் புல்லை அரைத்து ஊசிக்குழாயால் பருக்க வேண்டும். புழுக்கை போட்டால் பிழைக்கும், போடாவிட்டால் இல்லை.

யாகப்பு பகல் முழுக்கப் புழுக்கைக்குக் காவல் இருந்தார். ஒன்றும் விழவில்லை. பின்னேரம் அன்பியத்துக்குச் சனம் வந்து கதிரைகள் நிரம்பின. கடைசியாகச் சுபாஜினி வந்து கதவோரம் நின்றாள். செபமாலை முடிந்ததும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆயத்தப்படுத்திய சாட்சியம் இரண்டு பக்கம். அதை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

“சுபாஜினி வைச்சிருக்கேக்க அதுக்குக் கால்தான் பழுதாய்க் கிடந்தது,” என்றார். “நான் அதைப் பட்டினி போட்டனான். இந்தப் பிள்ளை சொல்லித்தான் தந்தது. நான் கேக்கேல்லை.”

அகஸ்ரினா தேத்தண்ணித் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சுபாஜினி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டாள். பிராணியை மடியில் வைத்து, ஊசிக்குழாயை எடுத்து, கடைவாயால் சொட்டுச் சொட்டாகப் பருக்கி வயிற்றைத் தடவினாள். சனம் தேத்தண்ணி குடித்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய சட்டையில் கறுப்பாக ஒன்று விழுந்தது. பிறகு இன்னும் இரண்டு.

யாகப்பு குனிந்து அந்த மூன்றையும் உள்ளங்கையில் பொறுக்கினார். அவளுடைய கண்ணைப் பார்க்க முடியாமல், இனி அவளே கொண்டுபோகட்டும் என்று கையைப் பார்த்தே சொன்னார்.

“என்னட்டை நேரமில்லை அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ,” என்றாள் சுபாஜினி. “வெள்ளிக்கிழமையில மட்டும் நான் வந்து பார்க்கிறன்.”