பேட்டரிக்கு வைத்த சந்தனம்

போன வாரம் ஆயுத பூஜைக்கு உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? மௌலா அலி காலனியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், மகள் காவ்யாவின் லேப்டாப், என் தையல் மிஷின்... இந்த வருஷம் புதிதாக மாடி சோலாருக்கு வாங்கிய பெரிய பேட்டரி.

பொட்டு வைத்ததோடு என் கணவர் நின்றிருக்கலாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தவர், மிச்சப் புளியோடு பேட்டரி பக்கம் போனார். சுவிட்சை அணைத்து, கேபிள் முனையில் இருக்கும் செம்பு வளையங்களைக் கழற்றி, பளபளவென்று தேய்த்துத் திரும்ப மாட்டிவிட்டார். மேலே சந்தனம், குங்குமம். பொட்டு மறையக் கூடாதாம் — மூடியையும் போடவில்லை!

அன்று காலையிலிருந்தே காலனியில் கரண்ட் இல்லை. வடைக்கு அரைத்த மிக்ஸி முதல் மோட்டர் வரை எல்லாம் பேட்டரியில்தான். மாலையில் கொலு பார்க்க அக்கம்பக்கத்தினர் வேறு வருகிறார்கள்.

கற்பூரம் காட்டப் போனபோதுதான் கவனித்தேன். ஒரே நேரத்தில் வைத்த சந்தனம். ஒரு முனையில் இன்னும் ஈரம். இன்னொரு முனையில் காய்ந்து, வெடித்து, பழுப்பாகி... லேசாக ஒரு தீய்ந்த வாசனை.

"என்னங்க, இது ஏன் இப்படி ஆச்சு?"

"ஃபேன் காத்துல காஞ்சிருக்கும்டி."

"ஒரு பக்கத்துக்கு மட்டுமா ஃபேன் போட்டீங்க?"

காவ்யா, நெற்றியில் காட்டும் ஜுரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து தள்ளி நின்றே நீட்டினாள். அதன் அளவையும் தாண்டிவிட்டது சூடு. "அம்மா, தீனிகி ஜுரம் வச்சிந்தி!" என்று, இதற்கு ஜுரம் வந்துவிட்டதாகத் தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடர்ந்து ஓடினால் கேபிள் உருகும். அப்புறம் தீ. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு சர்வீஸுக்கு போன் செய்தேன்.

ஃபர்ஹானா என்ற பெண் வந்தார். என் கணவர் ஆர்வமாக, "இதோ, நானே இறுக்கிடறேன்" என்று கையை நீட்ட, அவர் அலறினார். "நக்கோ அங்கிள், நக்கோ! தொட வேணாம்! முன்னாடியும் கையாலதான் முறுக்கினீங்களா?"

"நல்லா பலமாத்தான் முறுக்கினேன்மா..."

"ஹவ், ஆமா, அதான் ப்ராப்ளம்!"

விஷயம் இதுதான். கையால் எவ்வளவு பலமாக முறுக்கினாலும் லூசுதானாம். இணைப்பு லூசாக இருந்தால் கரண்ட் முழுப் பரப்பிலும் போகாமல் ஒரு சின்ன இடத்தில் நெருக்கியடித்துப் போகிறது. அந்த இடம் சூடாகிறது. போதாததற்கு நடுவே புளியும் சந்தனமும். கறுத்துப்போன வளையத்தை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தினார் ஃபர்ஹானா. உலர்ந்த துணியால் துடைத்து, அளவு வைத்து இறுக்கும் டார்க் ஸ்பானரால் கம்பெனி சொன்ன அளவுக்கு 'டக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கினார். மூடியையும் போட்டார். அவ்வப்போது ஆளை வைத்துச் சோதிக்க வேண்டுமாம். நாமாகக் கழற்றவே கூடாதாம்.

"பூஜை பண்ணக் கூடாதாம்மா?" இவர் பரிதாபமாகக் கேட்டார்.

"பண்ணுங்க அங்கிள். மூடி மேல பண்ணுங்க!"

ஃபர்ஹானா வடை தின்றுகொண்டே எல்லா சுவிட்சையும் போட்டு லோடு கொடுத்துப் பார்த்தார். சூடே இல்லை. மாலையில் காலனியே இருட்டு. எங்கள் கொலு மட்டும் ஜெகஜோதி. வந்தவர்களுக்கெல்லாம் பொம்மைகளை விட்டுவிட்டு பேட்டரியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார் இவர்.

கும்பிடத்தான் கை. முறுக்குவதற்கு — ஸ்பானர்!